மீட்டர் பெட்டிக்குள் போகும் தேனீ உங்கள் பெட்டிக்கு ஏன் வருவதில்லை?

கார்த்திகை பிறந்துவிட்டால் எனக்கு இரண்டு விதமான போன் வரும். ஒன்று, "சார், மீட்டர் பெட்டிக்குள்ள தேனீ புகுந்திருச்சு, வந்து எடுங்க." இன்னொன்று, "சார், தேனீ பிடிக்கப் பெட்டி வச்சு ரெண்டு மாசம் ஆச்சு, ஒண்ணுகூட எட்டிப் பார்க்கலை." சில வருடங்களுக்கு முன் இந்த இரண்டு போனும் ஒரே தெருவிலிருந்து, ஒரே வாரத்தில் வந்தன. ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் வீட்டு மீட்டர் பெட்டியில் ஒரு கூட்டம். நாலு வீடு தள்ளி, மொட்டை மாடியில், வீடியோ பார்த்துச் செய்த புத்தம் புதுப் பெட்டி காலி.

இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தது எனக்கே ஒரு பாடம். மாடியில் இருந்தது புது பிளைவுட். உள்ளேயும் வெளியேயும் நீல எனாமல் பெயின்ட். சூட்கேஸ் அளவுக்குப் பெரிது. மத்தியான வெயில் நேரே அடிக்கும் இடம். உள்ளே ஒரு கிண்ணத்தில் சர்க்கரைப் பாகு, அதில் செத்து மிதக்கும் எறும்புகள். டீச்சர் வீட்டு மீட்டர் பெட்டியோ முப்பது வருடப் பழைய மரம். மேலே சன்ஷேட் நிழல். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே. ஒயர் போக விட்ட கட்டைவிரல் அளவு ஓட்டைதான் வாசல். முந்தின வருடம் ஒரு கூட்டத்தை எடுத்தபோது யாரோ சுரண்டாமல் விட்ட மெழுகு பலகையில் ஒட்டியிருந்தது. நான் தேனீயாக இருந்தாலும் அங்கேதான் போயிருப்பேன்.

பெட்டி செய்யும் முன் எந்தத் தேனீக்கு என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். மலைத்தேனீயும் கொம்புத்தேனீயும் திறந்த வெளியில் ஒற்றை அடை கட்டி வாழ்பவை. எவ்வளவு நல்ல பெட்டி வைத்தாலும் உள்ளே வராது. தண்ணீர்த் தொட்டியின் அடியிலோ மாமரக் கிளையிலோ பெரிய அடையாகத் தொங்குவதைக் காட்டி "இதைப் பெட்டியில் போடுங்க" என்று கேட்பவர்கள் உண்டு. அது மலைத்தேனீ. அதன் பக்கமே போகாதீர்கள், கல்லெறியாதீர்கள். பெட்டிக்கு வருவது பொந்திலும் புற்றிலும் சுவர் இடுக்கிலும் அடுக்கடுக்காக அடை கட்டும் நம் அடுக்குத்தேனீ. இந்தியத் தேனீ என்று புத்தகங்களில் இருப்பதும் இதுதான். மார்த்தாண்டம் பக்கம் பெட்டிகளில் வளர்ப்பதும் பெரும்பாலும் இதைத்தான்.

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஐப்பசியிலிருந்து தை வரை கூட்டம் பெருகிப் பிரியும் காலம். தை, மாசியில் ரப்பர் மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கும்போது இளம் இலைக்காம்பில் மது சுரக்கும். தேன் வரத்து அப்போதுதான். அதற்கு முன்பே பெட்டிக்குள் இடம் போதாமல், பழைய ராணி பணித் தேனீக்களில் பாதிக்கு மேல் கூட்டிக்கொண்டு வெளியேறும். வயிறு நிறையத் தேனைக் குடித்துவிட்டு, பக்கத்துக் கிளையில் கொத்தாகத் தொங்கும். சில மணி நேரம், சில சமயம் இரண்டு மூன்று நாள். அந்த நேரத்தில் அவற்றுக்குக் காக்க வேண்டிய குஞ்சும் இல்லை, தேன் அடையும் இல்லை. அதனால் பெரும்பாலும் சாதுவாகவே இருக்கும். பார்த்ததும் தீப்பந்தம் தேட வேண்டாம்.

தொங்கும் கூட்டத்திலிருந்து வேவு பார்க்கக் கிளம்பும் தேனீக்கள்தான் நம் வாடிக்கையாளர்கள். இதை முதலில் கண்டுபிடித்தவர் மார்ட்டின் லிண்டாயர் என்ற ஜெர்மானியர். 1949-ல் மியூனிக்கில், தொங்கிக்கொண்டிருந்த ஒரு கூட்டத்தின் மேல் சில தேனீக்கள் நடனமாடுவதைப் பார்த்தார். அவற்றின் காலில் மகரந்தம் இல்லை. உடம்பில் கரி, செங்கல் பொடி, மண். போரில் இடிந்த நகரத்தின் புகைக்கூண்டுகளிலும் சுவர்ப் பொந்துகளிலும் வீடு தேடிவிட்டு வந்து, "அங்கே ஒரு இடம் இருக்கிறது" என்று மற்றவற்றுக்குத் திசையும் தூரமும் சொல்லிக்கொண்டிருந்தன. வேவுத் தேனீ பொந்துக்குள் நுழைந்து சுவரெல்லாம் நடந்து பார்க்கும். இடம் பிடித்தால் திரும்பி வந்து ஆடும். பிடிக்காவிட்டால் பேச்சே இல்லை.

அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் சீலி இதை அளந்தே பார்த்தார். அங்குள்ள தேனீ சுமார் 40 லிட்டர் கொள்ளும் இடத்தை விரும்பியது, 10 லிட்டரை ஒதுக்கியது. இணையத்தில் கிடைக்கும் வீடியோக்கள் அநேகமாக எல்லாம் இந்தக் கணக்கில் செய்தவைதான். ஆனால் அது இத்தாலியத் தேனீயின் இனம். நம் அடுக்குத்தேனீ சின்னது, கூட்டமும் சின்னது. அதற்கு 8 முதல் 12 லிட்டர் தாராளம். மாடியில் இருந்த அந்த நீலப் பெட்டி நம் பூச்சிக்குக் கல்யாண மண்டபம்.

வீடியோக்களைப் பார்த்துச் செய்யும் இன்னொரு தவறு, மரப்பிசின் மாதிரி ஒரு பொருளை உள்ளே தடவுவது. இத்தாலியத் தேனீ பிசின் சேகரித்துக் கூட்டை அடைக்கும். அடுக்குத்தேனீக்கு அந்தப் பழக்கமே கிடையாது. எலுமிச்சைப்புல் எண்ணெயும் வெளிநாட்டுச் சிபாரிசுதான். அதன் வாசனை அவர்கள் தேனீ சக தேனீக்களை அழைக்கும் வாசனைக்கு நெருக்கமானது. நம்முடையதற்கு நான் அதை நம்பி இருப்பதில்லை, மெழுகைத்தான் நம்புகிறேன். ஜப்பானில் நம் தேனீயின் பங்காளி இனத்தைப் பிடிக்க, பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு வகை ஆர்கிட் செடியைத் தொட்டியோடு வைப்பார்கள். அந்தப் பூவுக்குக் கூட்டமே மயங்கி வந்து மொய்க்கும். நமக்கு அந்தச் செடி கிடைக்காது, விடுங்கள்.

சரி, செய்வது எப்படி? என் சிபாரிசு, புதிதாக எதையும் கண்டுபிடிக்காமல் நியூட்டன் பெட்டியின் அளவிலேயே செய்வது. நூறு வருடத்துக்கு முன் திருச்சிப் பக்கம் பணி செய்த நியூட்டன் பாதிரியார் நம் தேனீக்காக வடிவமைத்த பெட்டி அது. குஞ்சு வளர்க்கும் கீழ் அறையான புழு அறையில், அடை கட்ட ஏழு மரச் சட்டம். அந்த அறை ஒன்று போதும், மேலே தேன் அறை வேண்டாம். அளவு மாறாமல் இருந்தால் பிற்பாடு சட்டத்தோடு தூக்கி வளர்ப்புப் பெட்டியில் வைத்துவிடலாம். இல்லாவிட்டால் அடையை அறுத்து வாழைநாரால் கட்ட வேண்டிய வேலை. பலகை பழையதாக இருந்தால் நல்லது. உடைந்த பலா, அயினிச் சாமான் எதுவானாலும் சரி. புதுப் பலகை என்றால் ஒரு மாதம் மழையிலும் வெயிலிலும் போட்டு வாசனை போகவிடுங்கள். உள்ளே பெயின்ட் கூடவே கூடாது. பூச்சிமருந்து, உரம் இருந்த டப்பாவைத் திருப்பிப் பயன்படுத்துவதும் கூடாது.

வாசல் ஒன்றே ஒன்று, அடியில். 1 சென்டிமீட்டர் உயரம், 6 அல்லது 7 சென்டிமீட்டர் நீளம். அதற்கு மேல் உயர்ந்தால் பல்லி நுழையும். மற்ற இடுக்கெல்லாம் களிமண்ணும் சாணியும் குழைத்துப் பூசிவிடுங்கள். உள்ளே வெளிச்சம் தெரியக் கூடாது. இதைவிட மலிவு வேண்டுமென்றால் நம் தாத்தாக்கள் செய்த மண்கலயம் இருக்கிறது. பத்து லிட்டர் கொள்ளும் பழைய பானை, வாயை ஓட்டைபோட்ட சிரட்டையோ பலகையோ வைத்து மண்ணால் மூடி, மரக்கவட்டில் சாய்த்துக் கட்டுவது. பூச்சிக்குக் கலயம் ரொம்பப் பிடிக்கும். எடுப்பதுதான் கஷ்டம். உடைத்துத்தான் எடுக்க வேண்டும். நான் முதலில் பிடித்தது கலயத்தில்தான், அதனால் அதன் மேல் ஒரு பாசம், அவ்வளவே.

மெழுகு விஷயம் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். "பழைய அடையை உள்ளே வை, உடனே வரும்" என்பார்கள். உண்மைதான், வரும். நானும் ஆரம்ப காலத்தில் அப்படிச் செய்தேன். ஒரு இடத்தில் கூட்டம் செத்துப்போய்க் காலியாகக் கிடந்த பெட்டியிலிருந்து இரண்டு அடை வாங்கி வந்து வைத்தேன். ஒரே வாரத்தில் கூட்டம் வந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாவது வாரம் திறந்தால் புழுக்கள் நிமிர்ந்து, தலை மேலே தூக்கி, ஓடம் மாதிரி கிடக்கின்றன. குறட்டால் ஒன்றை எடுத்தேன். தோல் பையாகவும் உள்ளே தண்ணீராகவும் வந்தது. அதுதான் தாய்லாந்தின் பெயர் கொண்ட 'தாய் சாக்புரூட்' என்ற வைரஸ் நோய். 1991, 92-ல் தென்னிந்தியாவில் அடுக்குத்தேனீ வளர்ப்பைத் தரைமட்டமாக்கியது இதுதான். குமரியில் பெட்டி பெட்டியாகக் காலியானதைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அந்த அடை வழியாகத்தான் வந்தது என்று நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அடுத்திருந்த என் மூன்று பெட்டியும் அந்த வருடம் போயின. அன்றிலிருந்து செத்த கூட்டத்தின் அடை நான் தேனீ பிடிக்க வைக்கும் பெட்டியில் ஏறியதில்லை. ஆரோக்கியமான கூட்டத்தின் அடை என்றாலும்கூட, ஆளில்லாப் பெட்டியில் கிடந்தால் மெழுகு அந்துப்பூச்சி முட்டையிட்டு, ஒரு மாதத்தில் எல்லாம் நூலாம்படை ஆகிவிடும்.

ஆகவே உருக்கி வடித்த மெழுகு மட்டும். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கவிட்டு, அதற்குள் இன்னொரு சின்னப் பாத்திரம் வைத்து உருக்குங்கள். 65 டிகிரிக்குள் உருகிவிடும். நேரே அடுப்பில் வைத்தால் தீப்பிடிக்கும். தென்னை ஓலை ஈர்க்கில் துணி சுற்றி, மூடியின் அடிப்பக்கத்திலும் சட்டத்தின் மேல்கட்டையின் அடியில் நடுக்கோடாகவும் தடவுங்கள். அந்தக் கோட்டைப் பிடித்துத்தான் அடை கட்டும், குறுக்கே கட்டாது. வாசலிலும் ஒரு இழுப்பு. சர்க்கரைப் பாகு, வெல்லம், தேன் எதுவும் வேண்டாம். அது எறும்பையும் திருட வரும் தேனீயையும்தான் கூப்பிடும், குடிவரும் கூட்டத்தை அல்ல.

எங்கே வைப்பது? போன வருடம் கூட்டம் இருந்த பொந்துக்குப் பக்கத்தில் என்றால் பாதி வேலை முடிந்தது. பழைய கிணற்றடி, தோட்ட வேலியோரப் பெருமரம், வீட்டின் கிழக்குப் பக்கச் சுவர், சன்ஷேட் அடி என நிழலும் ஒதுக்கமும் உள்ள இடங்கள் எல்லாம் நல்லவை. வெளிநாட்டில் 15 அடி உயரம் சொல்வார்கள். நான் 7, 8 அடிக்கு மேல் போவதில்லை. தேனீ நிறைந்த பெட்டியை இருட்டில் ஏணியிலிருந்து இறக்குவது நீங்கள்தான் என்பதை வைக்கும்போதே நினைத்துக்கொள்ளுங்கள். தென்னையில் 20 அடி ஏறிக் கட்டிவிட்டு, இறக்க ஆள் தேடி என்னிடம் வந்தவர்கள் உண்டு. வாடைக்காற்று மழை அடிக்கும் பக்கம் வாசல் வேண்டாம். பெட்டியை வாசல் பக்கம் ஒரு விரல் சரித்து வைத்தால் தண்ணீர் வடியும். கட்டும் கயிற்றில் கிரீஸ் தடவிய துணியைச் சுற்றினால் எறும்பு ஏறாது. மின்கம்பத்தில் கட்டாதீர்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் போகாதீர்கள். இன்னொருவர் பெட்டி வைத்திருக்கும் தோட்டத்தை ஒட்டி வைப்பதும் மரியாதை இல்லை. தன் கூட்டம் பிரிய நீங்கள் காத்திருப்பதாகத்தான் அவர் நினைப்பார், நினைப்பதும் சரிதான்.

ஒரு பெட்டி வைத்துவிட்டு வரவில்லை என்று சோர்ந்து போகாதீர்கள். நான் பத்து வைத்தால் இரண்டு மூன்றில் குடி வந்தாலே நல்ல வருடம். வாரம் ஒருமுறை தூரத்திலிருந்து பார்த்தால் போதும். ஐந்தாறு பூச்சி வாசலைச் சுற்றிச் சுற்றி, மூலை முடுக்கெல்லாம் முகர்ந்து, நுழைந்து வெளியே வந்தால் அது வேவு. திறந்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள். எண்ணிக்கை நாளுக்கு நாள் கூடினால் கூட்டம் முடிவெடுத்துக்கொண்டிருக்கிறது. காலில் மஞ்சளாக மகரந்த உருண்டையோடு நுழைய ஆரம்பித்தால் குடி வந்தாயிற்று.

நம் ஆட்கள் அதிகம் கோட்டைவிடுவது இதற்குப் பிறகுதான். வந்த மறுநாளே ஆர்வத்தில் மூடியைத் திறப்பது, பகலில் தூக்கிப் போய்த் தோட்டத்தின் இன்னொரு மூலையில் வைப்பது. அடுக்குத்தேனீ ரோஷக்காரி. முட்டையும் புழுவும் இல்லாத வரை அதைப் பிடித்துவைக்கும் கயிறு எதுவும் கிடையாது. இடைஞ்சல் செய்தால் கிளம்பிவிடும். பத்து நாள் விடுங்கள். அதற்குள் அடை இறங்கி, புழுவும் இருக்கும். அப்புறம் இருட்டிய பின், எல்லாம் உள்ளே அடங்கியதும், வாசலை வலைத்துணியால் அடைத்து, குலுங்காமல் இறக்குங்கள். வைக்கும் இடம் இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். ஐம்பதடி தள்ளி வைத்தால் மேயப்போன பூச்சியெல்லாம் பழைய இடத்துக்கே திரும்பி வந்து அலையும். அதே தோட்டத்தில்தான் வேண்டுமென்றால், இரண்டு மூன்று வாரம் தூரத்தில் யார் வீட்டிலாவது வைத்துவிட்டுத் திரும்பக் கொண்டுவரலாம். கையுறை, முகவலை இல்லாமல் வேண்டாம். கொட்டியபின் உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டினால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரி.

டீச்சர் வீட்டுக்கு வருகிறேன். மின்சார ஆபீசில் சொல்லி லைனை நிறுத்திவிட்டுத்தான் மீட்டர் பெட்டியில் கை வைத்தேன். கூட்டத்தை எடுத்து, மெழுகைச் சுரண்டி, ஒயர் ஓட்டையை அடைத்தேன். சுரண்டிய மெழுகை அங்கேயே உருக்கி ஒரு பழைய பெட்டியில் தடவி, அதே சன்ஷேட்டின் அடியில் மூன்றடி தள்ளித் தொங்கவிட்டேன். "தம்பி, இனி ஒரு கூட்டம் வருமா?" என்றார். வந்தாலும் வரும், வராவிட்டாலும் வராது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த கார்த்திகையில் போன். "தம்பி, காலைல இருந்து நின்னு பார்க்கேன். காலுல மஞ்சளா ஒட்டிக்கிட்டு உள்ள போகுது."

"சரி டீச்சர். பத்து நாளைக்குத் தொடாதீங்க. தெருப் பிள்ளைங்க யாரும் தட்டாம மட்டும் பார்த்துக்குங்க."

"நான் நாற்காலி போட்டு உட்கார்ந்தாச்சு" என்றார்.