சுருக்கக் கலைஞர் என்று ஒருவர் இல்லை

ஓர் ஓவியரைப் பற்றிய அறிமுகக் குறிப்பில் இப்படி ஒரு வரி: "சுயமாகக் கற்பிக்கப்பட்ட சுருக்கக் கலைஞர், ஓவியத்திலிருந்து சிற்பத்துக்கு வந்தவர்." கண்ட பொருளை அப்படியே காட்டாத கலையை ஆங்கிலத்தில் 'ஆப்ஸ்ட்ராக்ட் ஆர்ட்' என்பார்கள்; அதற்குத் தமிழாக வரும் இந்தச் 'சுருக்கக் கலை'யை எத்தனையாவது முறையாகப் படிக்கிறேன் என்று எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டேன். சுருக்கம் துணியில் விழும், முகத்தில் விழும். சுருக்கக் கலைஞர் என்றால் இஸ்திரிப் பெட்டியோடு நிற்பவர்தான் நினைவுக்கு வருகிறார்.

ஆப்ஸ்ட்ராக்ட் என்பது லத்தீனிலிருந்து வந்தது. 'ஆப்ஸ்' என்றால் விலக்கி, 'டிராஹெரே' என்றால் இழுத்தல். டிராக்டருக்கும் இதே வேர்தான். ஒன்றிலிருந்து விலக்கி எடுத்தது, அவ்வளவுதான் பொருள். ஆய்வுக் கட்டுரையிலிருந்து சாரத்தை மட்டும் எடுத்தால் அது ஆய்வுச் சுருக்கம். அங்கே அந்தச் சொல் சரி. அகராதியின் அந்த ஒரு பொருளை அப்படியே தூக்கி ஓவியத்தின் மேல் போட்டதுதான் கோளாறு.

இதற்கும் வக்காலத்து வாங்குபவர்கள் உண்டு. பிக்காசோ 1945-46இல் ஒரு காளையை 11 கல்லச்சுப் படங்களாகச் செய்தாரே, முதலில் சதையும் மயிருமாக இருந்த காளை கடைசியில் சில கோடுகளில் நிற்கிறதே, அது சுருக்கம் இல்லையா என்கிறார்கள். இல்லை. சுருக்குவது என்றால் உள்ளதையெல்லாம் வைத்துக்கொண்டு இடத்தைக் குறைப்பது. பிக்காசோ செய்தது கழித்தல். சரி, காளையாவது காளையிலிருந்து தொடங்கியது. ஜேனட் சோபெலை என்ன செய்வது? 1893இல் உக்ரைனில் பிறந்து, அமெரிக்காவில் குடியேறி, எந்தக் கலைப் பள்ளிக்கும் போகாமல், தன் நாற்பத்தைந்து வயது வாக்கில் தூரிகை எடுத்தவர். முதலில் முகங்களும் பூக்களும் வரைந்தார். போகப் போகப் பெயின்டைச் சொட்டவிட்டும் வழியவிட்டும் ஓவியத் துணி முழுதும் பரப்பினார். அந்த வலைப்பின்னலில் எது சுருங்கியிருக்கிறது?

'கருத்தியல் ஓவியம்' என்பாரும் உண்டு. கருத்தியல் என்றதும் கட்சிக் கொள்கைதான் முன்னால் வந்து நிற்கும். 'நவீன ஓவியம்' காலத்தைச் சொல்கிறதே தவிர தன்மையைச் சொல்லவில்லை. சங்கப் பாட்டில் வரும் 'புனையா ஓவியம்' எடுத்தாளலாமே என்றார் ஒரு நண்பர். அழகான சொல்தான். ஆனால் அது வண்ணம் தீட்டாத கோட்டோவியம். பழைய சொல் கிடைத்துவிட்டது என்பதற்காக எதன் தலையிலும் கவிழ்க்க முடியாது.

என் வாக்கு அருவ ஓவியத்துக்கு. அரூபம் என்று எழுதினாலும் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் சைவ நூல்களில் ஊறிய அருவம் நம் காதுக்கு இன்னும் பக்கம். வட்டமும் சதுரமும் இருக்கும்போது எப்படி அருவம் என்று கேட்பார்கள். இருட்டில் யாரோ நிற்கும்போது "உருவம் தெரியவில்லை" என்கிறோம். ஒன்றுமே தெரியவில்லை என்றா அதற்குப் பொருள்? இன்னார் என்று அடையாளம் தெரியவில்லை என்பதுதான்.

சிற்பத்துக்கு வந்தால் கேள்வி கொஞ்சம் கனக்கிறது. கல்லும் வெண்கலமும் கையில் தட்டுப்படுகின்றனவே. சிற்பி பிரான்குசியின் வெண்கலப் பறவை 1926இல் அமெரிக்கத் துறைமுகத்துக்கு வந்தபோது, இதில் பறவையே இல்லை என்று சுங்க அதிகாரிகள் அதைச் சமையல் பாத்திரங்களோடு சேர்த்து 40 சதவீதம் வரி போட்டார்கள். அது கலைப்பொருள்தான் என்று தீர்ப்பு வர 1928 ஆனது. இங்கே சைவம் வைத்திருக்கும் மூன்றாவது சொல் எனக்கு ஆசை காட்டுகிறது: அருவுருவம். உருவமும் உண்டு, இன்னது என்று சுட்டும் அங்கங்கள் இல்லை. லிங்கத்தை அப்படித்தான் சொல்கிறார்கள். சமய வாடை வரும் என்று தயங்குபவர்கள் அருவச் சிற்பம் என்றே எழுதட்டும்.

'சுயமாகக் கற்பிக்கப்பட்டவர்' பற்றி நீட்டி எழுதப் பொறுமை இல்லை. கற்பிக்கப்பட்டவர் என்றால் கற்பித்தவர் ஒருவர் இருந்தாக வேண்டும். இவருக்கு அப்படி யாரும் இல்லை என்பதுதானே சேதி? 'தானே பயின்றவர்'. இரண்டு சொல், எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். அதைத் தட்டச்சு செய்ய எழுத்தும் குறைவு. சுருக்கத்தின் மேல் அத்தனை பிரியம் இருப்பவர்கள் அதை இங்கே காட்டியிருக்கலாம்.