பிரித்து அனுப்ப வேண்டிய கிராமபோன் பெட்டி

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் கிராமபோன் பெட்டி வாங்கி வெளியூருக்கு அனுப்புகிறவர்கள், தேக்குப் பெட்டியில் கீறல் விழாமல் துணி சுற்றுவதிலேயே கவனமாக இருக்கிறார்கள். ஆனால் சேதம் பெரும்பாலும் உள்ளிருந்தே தொடங்குகிறது.

சுமை இறக்கும்போது பெட்டி 75 செ.மீ. உயரத்திலிருந்து நழுவி விழுவதாகக் கொள்வோம். அடியில் 5 மி.மீ. மட்டுமே அமுங்கி அது நின்றுவிட்டால், உள்ளிருக்கும் ஒவ்வொரு பொருளும் தன் எடையைப் போல் ஏறக்குறைய 150 மடங்கு விசையைத் தாங்கியாக வேண்டும்; அதே வீழ்ச்சி 5 செ.மீ. தூரத்தில் மெல்ல அடங்கினால் 15 மடங்கு போதும். மெத்தையின் வேலை இந்தத் தூரத்தைக் கூட்டிக் கொடுப்பதுதான். இசைத்தட்டைச் சுழற்றும் வட்டு ஒரு கிலோ எடை என்றால், முதல் வீழ்ச்சியில் அதன் அச்சின் மேல் ஒன்றரைக் குவிண்டால் சுமை விழுகிறது. அச்சு இம்மியளவு வளைந்தாலும் வட்டு தள்ளாடும், சுருதியும் அலையும். ஆகவே வட்டைக் கழற்றித் தனியே சுற்ற வேண்டும்.

அதற்கு முன், சாவி கொடுத்த சுருள்வில் தானாக ஓடி ஓயும் வரை விட்டுவிட வேண்டும். முறுக்கேறிய வில்லை அடக்கி வைத்திருப்பது வேகக் கட்டுப்பாட்டுக் குண்டுகளும் பற்சக்கரங்களுமே. வழியில் அவை பெயர்ந்தால், வில் ஒரே மூச்சில் அவிழ்ந்து பற்களைச் சிதைத்துவிடும்.

என் மனம் மிகவும் அஞ்சுவது, முள்ளின் அதிர்வை ஒலியாக்கும் சிறு பாகமான ஒலிப்பெட்டிக்காகத்தான். அதனுள் இருக்கும் அபிரக (மைக்கா) தகட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், வெங்காயத் தோல்போல் அடுக்கடுக்காக இருப்பது தெரியும். ஓரத்தில் ஓர் அடுக்கு பிரிந்தாலே பாட்டில் கரகரப்பு ஏறிவிடும். முள்ளை எடுத்துவிட்டு, ஒலிப்பெட்டியைத் தனிச் சிறு டப்பாவில் பஞ்சுக்கு நடுவே வைக்க வேண்டும். புனலுக்கும் தனிப்பெட்டியே நல்லது.

எஞ்சிய உடலை ஓர் அட்டைப்பெட்டியில் இறுக்கமாக அடக்கி, அதைப் பெரிய பெட்டிக்குள் எல்லாப் பக்கமும் 5 செ.மீ.க்குக் குறையாத நுரைப்பலகை கொடுத்து வைக்கலாம். தெர்மகோல் மணிகளை நம்ப வேண்டாம். லாரி குலுங்கக் குலுங்க அவை விலகி, கனமான பொருள் அடித்தளத்தைத் தொட்டுவிடும்.

கூடவே நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய இசைத்தட்டுகள் போவதானால், அவை எளிதில் உடையும் அரக்கில் செய்தவை என்பதை நினைவில் வைத்து, ஒவ்வொன்றையும் உறையிலிட்டுச் செங்குத்தாக நெருக்கி அடுக்க வேண்டும். செட்டிநாட்டுச் சித்திரை வெயிலில், மூடிய வண்டிக்குள் அரக்கு இளகித் தட்டு நெளிந்துவிடும் என்பதால், மார்கழி, தை மாதங்களில் அனுப்புவதே உத்தமம்.