வளையத்தை எண்ணினால் போதுமா?

மூணாறு தேயிலைத் தோட்டப் பகுதியில் வசிக்கும் வாசகர் ஒருவர், புல்சரிவில் ஆடியில் ஒன்றும் மாசியில் ஒன்றுமாகத் தாம் எடுத்த இரு பழுப்புநிறச் சிறு பட்டாம்பூச்சிகளின் படங்களை அனுப்பி, முதலாவதில் பெரிதாகத் தெரியும் கண்வளையங்கள் மற்றதில் வெறும் புள்ளிகளாகச் சுருங்கியிருப்பதால் இவை வெவ்வேறு இனங்களா என்று கேட்டிருக்கிறார். வளையத்தின் அளவை மட்டும் வைத்து அப்படிப் பிரிக்க இயலாது.

இவை இப்திமா என்னும் பேரினத்தைச் சேர்ந்தவை. இவற்றின் புழுக்கள் புல்லைத் தின்று வளர்கின்றன. முன்சிறகில், நடுவே கண்மணி போன்ற இரு புள்ளிகள் கொண்ட ஒரு பெரிய வளையமும், பின்சிறகின் அடிப்புறத்தில் சிறு வளையங்களும் காணப்படும். இப்பேரின இனங்களுள் சாதாரண நால்வளையன் சமவெளியிலும் பறக்கும். பழனி நால்வளையனும் நீலகிரி நால்வளையனுமோ மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான பகுதிகளுக்கே உரியவை.

வளையம் உருவாகும் விதம்தான் இதில் மிக அழகானது. கூட்டுப்புழுவுக்குள் சிறகு இன்னும் நிறமற்ற மெல்லிய படலமாக இருக்கும்போதே, நரம்புகளுக்கு இடைப்பட்ட அறைகளில் சில செல்கள் மையங்களாகச் செயல்படத் தொடங்குகின்றன. முதலில் புள்ளி வைத்து, பிறகு அதைச் சுற்றிக் கோடு இழுக்கும் கோலத்தைப் போல, மையத்திலிருந்து பரவும் சமிக்ஞையின் வலிமைக்கேற்ப அருகிலுள்ள செதில்கள் வெள்ளையாகவும், அடுத்தவை கருப்பாகவும், வெளிவட்டம் மஞ்சளாகவும் அமைகின்றன. 1980இல் நிஜவுட் என்னும் உயிரியலாளர், அமெரிக்கப் பட்டாம்பூச்சி ஒன்றின் கூட்டுப்புழுவில் அந்த மையத்தைச் சுட்டு அழித்தபோது வளையம் தோன்றவில்லை. மையத்தை வேறிடத்தில் ஒட்டியபோது அங்கே புதிய வளையம் தோன்றியது. ஒரு சிட்டிகை செல்கள் அண்டை செல்களின் நிறத்தையே தீர்மானிக்கின்றன என்பதைக் காட்ட இதைவிட நேரடியான சோதனை எனக்குத் தெரிந்து இல்லை.

பருவம் மாற்றுவது பெரும்பாலும் இந்த வளையத்தின் அளவைத்தான். மழைக்காலத் தலைமுறையில் பெரிய வளையம் பல்லி, பறவைகளின் கொத்தலை உடலிலிருந்து விலக்கிச் சிறகோரத்துக்கு இழுக்கும்; வறண்ட காலத்தில் காய்ந்த புல்லோடு புல்லாக மறைவதே நன்மை. ஆகவே அடையாளத்துக்கு அளவைவிட, எந்தெந்த நரம்பறைகளில் வளையம் அமைந்துள்ளது என்பதே முக்கியம்.

இடமும் துணைச் சான்றுதான். நீலகிரிக்கும் ஆனைமலை, பழனி, மூணாறு மலைகளுக்கும் நடுவே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுள்ள தாழ்வான பாலக்காட்டுக் கணவாய் கிடக்கிறது. குளிர்ந்த புல்வெளிகளில் வாழும் பூச்சிக்கு அது எளிதான பாதையன்று. எனினும் பெயரில் நீலகிரி இருப்பதாலேயே நீலகிரி நால்வளையனை மற்ற மலைகளில் தேடாமல் விடுவது சோம்பேறித்தனம். புலிக்குக் கிடைக்கும் ஆய்வு நிதியில் சிறு துளி கிடைத்தாலும், இத்தகைய பூச்சிகளின் பரவலை மலைமலையாகப் பதிவு செய்துவிடலாம்.

வாசகரின் மாசிப் படத்தில் சிறகு விரிந்திருப்பதால் இனத்தைத் துணிந்து சொல்ல இயலாது. சிறகு மூடிய நிலையில் அடிப்புறம் தெளிவாகத் தெரியும் படத்தை, நாள், உயரம் ஆகிய குறிப்புகளுடன் அனுப்பினால் நரம்பறைகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.