பள்ளிக்கூட வாசலில் கடவை கேட்பவர்களுக்கு: காசு எந்தக் கந்தோரில் இருக்கிறது?

வன்னியில் ஒரு பிள்ளை றோட்டில் அடிபட்டுவிட்டால் அடுத்த வாரமே சனம் திரண்டு பொலிஸ் நிலையத்துக்கு மனுக் கொண்டுபோகிறது. பள்ளிக்கூட வாசலில் பாதசாரிக் கடவை வேண்டும், வேகத்தடை வேண்டும், எச்சரிக்கைப் பலகை வேண்டும் என்று பக்கம் பக்கமாகக் கையெழுத்து. பொறுப்பதிகாரி மரியாதையாக வாங்கி வைப்பார். பிறகு ஒன்றும் நடக்காது. றோட்டில் ஒரு கோடு போடக்கூட அந்த நிலையத்துக்கு ஒதுக்கீடு கிடையாது. மனுவை வாங்கும்போதே இதைச் சொல்லிவிடலாம், சொல்வதில்லை. ஒரு தவணை முழுக்கக் காத்திருந்து திரும்பப் போய்க் கேட்டால்தான் "அது எங்கட வேலை இல்லை" என்று பதில் வரும். இதற்குள் அந்த வாசலில் இன்னொரு பிள்ளை அடிபட்டதையும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வீதிப் பாதுகாப்புக்கு அரசாங்கக் காசு இருக்கிறது, ஆனால் ஒரே இடத்தில் இல்லை. பொலிஸின் வேகமானி, சுவாசச் சோதனைக் கருவி எல்லாம் கொழும்புத் தலைமையகத்திலிருந்து வருபவை, உள்ளூர் நிலையம் நினைத்து வாங்க முடியாது. கோடு, பலகை, விளக்கு எல்லாம் அந்த வீதி யாருக்குச் சொந்தமோ அவர்களின் செலவு. நீதிமன்றத்தில் கட்டும் தண்டப்பணம் மாகாணத்தின் வழியாக உள்ளூராட்சி சபைகளுக்குத் திரும்பி வருகிறது. உங்கள் பிரதேச சபையின் வரவு செலவுத் திட்டத்தை வாங்கிப் பாருங்கள், வருமானப் பக்கத்தில் நீதிமன்றத் தண்டப்பணம் என்று ஒரு வரி இருக்கும். அந்தக் காசில் ஒரு பங்கை உங்கள் ஊர்ப் பிள்ளைகளின் பாதுகாப்புக்குக் கேட்பது பிச்சை கேட்பதாகாது.

சனத்தை அதிகம் அலைய வைப்பது ஒரே ஒரு கேள்வி: இது யாருடைய வீதி? ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. ஏ9 மட்டுமல்ல, பரந்தனிலிருந்து விசுவமடு, புதுக்குடியிருப்பு வழியாக முல்லைத்தீவுக்குப் போகும் ஏ35, மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாகப் போகும் ஏ34, பூநகரி வழியாக மன்னார்ப் பக்கம் போகும் ஏ32 எல்லாமே அதற்குள்தான் அடங்கும். சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. மிச்ச உள்வீதிகள் பிரதேச சபைக்கு. வன்னியில் இன்னொரு சிக்கலும் உண்டு. குளக்கட்டு மேலாலும் வாய்க்கால் ஓரத்தாலும் போகும் வீதிகள் பல நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கையில் இருக்கின்றன. பிள்ளைகள் சைக்கிளில் போவது அநேகமாக அவற்றால்தான்.

ஒரு கிராமத்துக்கு வந்த பதில் கடிதத்தை நான் கையில் வைத்துப் பார்த்தேன். முழுத் தாளில் ஒரே வரி: "மேற்படி வீதி எமது ஆளுகைக்கு உட்பட்டதல்ல என்பதைத் தயவுடன் அறியத்தருகிறேன்." கீழே கையொப்பம், பதவி முத்திரை, கோவை இலக்கம் எல்லாம் ஒழுங்காக இருந்தன. யாருடைய ஆளுகை என்று எழுத இன்னும் ஒரு வரி போதும். அந்த ஒரு வரி இல்லாததால் ஊர்ச்சனம் அடுத்த கந்தோரைத் தாங்களே ஊகித்து அலைந்தது.

ஆகவே மனு எழுதும் முன்பே பிரதேச சபையின் தொழினுட்ப உத்தியோகத்தரிடம் போய், வீதியின் பெயரைச் சொல்லி, தரமும் இலக்கமும் கேளுங்கள். சபையின் வீதி என்று சொன்னால், வர்த்தமானியில் பதிந்த வீதியா என்று அடுத்ததாகக் கேளுங்கள். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு சனம் காணி விட்டுத் திறந்த ஒழுங்கைகள் பல இன்னும் பதியப்படாமலே கிடக்கின்றன. பதியாத வீதிக்குச் சபை செலவழித்தால் கணக்காய்வில் கேள்வி வரும் என்று கோவையை அப்படியே மூடி வைப்பார்கள். உங்கள் வீதி அப்படிப்பட்டதென்றால் கடவைக்கு முன்னால் பதிவைக் கேளுங்கள். கசப்பாகத்தான் இருக்கும், ஆனால் அதைத் தாண்டாமல் ஒரு ரூபாயும் வராது.

அடுத்த பொறி பொலிஸ் பதிவு. எங்கள் ஊர்களில் விபத்து நடந்தால் பெரியவர்கள் கூடி, மருந்துச் செலவை வாங்கிக் கொடுத்து, அந்த இடத்திலேயே சமாதானமாகப் போய்விடுவார்கள். தெரிந்த பொடியன், பாவம், வழக்கு எதற்கு என்ற நல்ல மனம்தான். ஆனால் கடவைக்கு இடம் பார்க்க வரும் பொறியியலாளர் அந்த இடத்தில் எத்தனை விபத்து என்று பொலிஸிடம்தான் கேட்பார். பதிவில் ஒன்றும் இராது. ஊருக்கே தெரிந்த ஆபத்தான வளைவு கடதாசியில் பாதுகாப்பான இடமாகிவிடும். சமாதானமாகப் போனாலும் பரவாயில்லை, முறைப்பாட்டை மட்டும் பதிந்துவிடுங்கள், இலக்கத்தை எழுதி வாங்குங்கள்.

வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டு, "வாசிச்சுக் காட்டினது சரிதானே, கையெழுத்து வையுங்கோ" என்று நீட்டப்படுவது இன்னும் நடக்கிறது. அரசியலமைப்பின்படி வடக்கின் நிர்வாக மொழி தமிழ். விளங்காத தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் வரும்வரை இருக்கச் சொன்னால் இருங்கள். அரை நாள் போகும். பரவாயில்லை. இடம், நேரம், வாகனம் மூன்றில் ஒன்று பிழையாகப் பதிந்தால் பிறகு திருத்துவது அதைவிடப் பெரிய அலைச்சல்.

அடித்துவிட்டு ஓடிய வாகனம் கடைசிவரை அடையாளம் காணப்படாவிட்டாலும் இந்தப் பதிவு தேவை. அப்படிப் பாதிக்கப்பட்டவர்களுக்கு நட்டஈடு கொடுக்க வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபையிடம் நிதி இருக்கிறது. வாகனக்காரர் கட்டும் மூன்றாந்தரப்புக் காப்புறுதியில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. சாவுக்கும் பாரிய காயத்துக்கும் கேட்கலாம். பொலிஸ் அறிக்கையும் வைத்திய அறிக்கையும் இல்லாமல் அந்த விண்ணப்பம் நகராது. இப்படி ஒரு நிதி இருப்பதே தெரியாமல் வீட்டுக்காரரை அடக்கம் செய்துவிட்டுப் பேசாமல் இருந்த பெண்கள் இருக்கிறார்கள். யாரும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

கடிதத்தை யார் எழுதுவது என்பதிலும் கவனம் தேவை. அதிபரிடம் விட்டால் அவர் வலயக் கல்விப் பணிப்பாளர் ஊடாகத்தான் அனுப்ப வேண்டும். "ஊடாக" என்று போட்ட கடிதம் வலயத்தில் எத்தனை நாள் தூங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கிராம அபிவிருத்திச் சங்கமோ மாதர் சங்கமோ நேரே எழுதட்டும், அதிபர் இணைப்பாக ஒரு கடிதம் கொடுத்தால் போதும். ஏ, பி வீதி என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபையில் உங்கள் பகுதிக்குப் பொறுப்பான பொறியியலாளருக்கு எழுதுங்கள். பிரதேச செயலாளருக்குப் பிரதி அனுப்பி, பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் எடுக்கச் சொல்லுங்கள். அங்கே வாய்ப்பேச்சாக "பார்ப்பம்" என்று சொன்னது கணக்கில் வராது. கூட்டக் குறிப்பில் ஏறியதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். கடிதத்தைக் கையில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். முத்திரை அடிக்கத் தயங்கினால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

காலமும் முக்கியம். அரசாங்கத்தின் நிதியாண்டு டிசம்பர் 31 உடன் முடிகிறது, செலவழியாத ஒதுக்கீடு திரும்பிப் போய்விடும். நவம்பரில் போனால் "இனி வாற வருசம்தான்" என்பார்கள். ஜனவரியில் போனால் "வரவு செலவுத் திட்டம் நிறைவேறிட்டுது, முதலே தந்திருக்கலாமே" என்பார்கள். ஆவணி, புரட்டாதியில் கொடுத்துவிடுங்கள். பிரதேச சபை தன் வரவு செலவுத் திட்ட வரைபைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். அந்த நாட்களில் போய் உங்கள் வீதியின் பெயர் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். உறுப்பினர் போனில் "போட்டாச்சு" என்று சொன்னதை நம்பி வீட்டில் இருக்க வேண்டாம்.

என்ன கேட்பது? ஏ தர வீதியில் வேகத்தடை கேட்டால் அநேகமாக மறுப்பார்கள், அந்த ஒரு மறுப்போடு முழு மனுவும் விழுந்துவிடும். கடவை, பாடசாலை எச்சரிக்கைப் பலகை, வேக எல்லைப் பலகை, இரவில் தெரியும் ஒளிதெறிப்பான் என்று தனித்தனியாகக் கேளுங்கள். பொலிஸிடம் கேட்க வேண்டியதையும் மறக்காதீர்கள்: காலையிலும் பள்ளிக்கூடம் விடும் நேரத்திலும் கடவையில் ஒருவரை நிறுத்துவது. அதற்கு ஒதுக்கீடு தேவையில்லை, கடமைப் பட்டியலில் ஒரு பெயர் போதும்.

காத்திருந்து அலுத்துப்போய் இளைஞர்கள் தாங்களே பெயின்ற் வாங்கிக் கோடு போடுவதும், சீமெந்தில் மேடு கட்டுவதும் நடக்கிறது. ஆத்திரம் நியாயமானதுதான். ஆனால் இரவில் மோட்டார் சைக்கிளில் வந்தவர் அந்த மேட்டில் விழுந்தால் வழக்கு, மேட்டைக் கட்டியவர்மேல் திரும்பும். அதேபோல வீதித் தடுப்புக்கோ பலகைக்கோ என்று யார் வந்து கடைக்காரரிடம் காசு கேட்டாலும் தனி ஆளின் கையில் கொடுக்காதீர்கள். உதவ விருப்பமென்றால் பிரதேச சபைக்குக் கட்டிப் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

பதிலே வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பிடியுங்கள், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம். ஒவ்வொரு கந்தோரிலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். ஏன் கேட்கிறாய் என்று கேட்க அவருக்கு உரிமை இல்லை. "கடவை ஏன் போடவில்லை" என்று கேட்டால் சப்பைப் பதில்தான் வரும். இப்படிக் கேளுங்கள்: இன்ன திகதியில் கொடுத்த எங்கள் கடிதத்தின் கோவை இலக்கம் என்ன, அதில் எடுத்த நடவடிக்கையின் பிரதி, கடந்த ஆண்டு இந்தச் சபைக்குக் கிடைத்த நீதிமன்றத் தண்டப்பணம் எவ்வளவு, அதே ஆண்டில் வீதிப் பாதுகாப்புக்குச் செலவழித்தது எவ்வளவு. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யுங்கள். அவரும் கைவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு எழுதலாம். விண்ணப்பம் கொடுத்த அன்றே ஏற்றுக்கொண்டதற்கான சிட்டையை வாங்கிவிடுங்கள், நாட்கள் அந்தத் திகதியிலிருந்துதான் ஓடும்.