வழி தவறினால் முதலில் உட்காருங்கள்

பினாங்கில் மலையேற்ற வழிகாட்டியாக இருப்பதால், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் எனக்கு இப்படி அழைப்புகள் வருவதுண்டு: "அண்ணே, பாதை மாறிட்டோம். ஆனா கீழே ஊர் லைட் தெரியுது, இறங்கிக்கிட்டே இருக்கோம்." பாதை மாறியதைவிட அந்த 'இறங்கிக்கிட்டே இருக்கோம்'தான் எனக்குப் பயம் தருகிறது. "இறங்காதீங்க தம்பி, அங்கேயே உட்காருங்க" என்றுதான் முதலில் சொல்வேன்.

பினாங்கு ஹில் என்கிற கொடிமலையின் உயரம் 833 மீட்டர்தான். அடிவாரத்திலேயே வீடு, கடை, பஸ் எல்லாம் இருக்கின்றன. அதனால் ஒரே ஒரு பாட்டில் தண்ணீரோடு மதியம் மூன்று மணிக்கு மேல் ஏறத் தொடங்குகிறார்கள். மூன்கேட் என்ற வாசலிலிருந்து ஏறும் பாதையில் ஆள் நடமாட்டம் உண்டு. அதிலிருந்து கிளை பிரியும் தடங்களில் கிடையாது. டுரியான் தோட்டக்காரர்கள் நடந்த தடம், தண்ணீர்க் குழாயை ஒட்டிய தடம், மழைநீர் அரித்த தடம் மூன்றும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். பேச்சு சுவாரசியத்தில் ஒரு வளைவில் மாறிவிட்டால் வெகுநேரம் தெரியாது.

தண்ணீர் போகிற வழியே நடந்தால் ஊர் வந்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். இங்கே அதை நம்பாதீர்கள். பினாங்கு மலைகள் கருங்கல் மலைகள். ஓடை கொஞ்ச தூரம் சாதுவாக ஓடும், பிறகு பாறை விளிம்பிலிருந்து அப்படியே கீழே விழும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போகிறவர்களுக்கு, பக்கத்துப் பூந்தோட்டத்துக்கு மேலே அருவி இருப்பது தெரியும். இருட்டில் ஓடையைப் பிடித்து இறங்குபவர் அந்த மாதிரி ஒரு விளிம்புக்குத்தான் போய்ச் சேருவார். மேலே எங்கோ பெய்த மழை திடீர் வெள்ளமாக ஓடையில் இறங்குவதும் உண்டு. நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு துளிகூட விழுந்திருக்காது. கோலாலம்பூர் பக்கம் புக்கிட் தாபூர் மலையில் ஆபத்து வேறு வகை: குறுகிய பாறை முகடு, இரு பக்கமும் சரிவு.

சரி, உட்கார்ந்தாயிற்று. இரண்டு வாய் தண்ணீர் குடியுங்கள். போனில் எடுத்த படங்களைப் பின்னோக்கிப் பாருங்கள். எந்தப் படம் வரைக்கும் சரியான பாதையில் இருந்தோம், அப்போது மணி என்ன என்று தெரியும். அந்த இடம் பத்து நிமிட நடைக்குள் இருந்து, வெளிச்சமும் இருந்து, வந்த வழியும் எல்லோருக்கும் நினைவிருந்தால் மட்டும் சேர்ந்தே திரும்பிப் போகலாம். இல்லையென்றால் அங்கேயே இருங்கள். "நீங்க இருங்க, நான் போய் வழி பார்த்துட்டு வர்றேன்" என்று ஒருவர் கிளம்புவதைத் தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். ஒரு கூட்டத்தைத் தேட வேண்டிய இடத்தில் இரண்டு கூட்டத்தைத் தேட வேண்டி வரும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கணக்கு அப்படி. எந்தத் திசையில் என்று தெரியாமல் ஒருவர் 1 கிலோமீட்டர் நகர்ந்திருந்தால் தேட வேண்டிய பரப்பு சுமார் 3 சதுர கிலோமீட்டர். 2 கிலோமீட்டர் என்றால் 12-ஐத் தாண்டிவிடும்.

அடுத்தது போன். நம் ஆட்கள் முதலில் வீட்டுக்கு அழைப்பார்கள், அப்புறம் மச்சானுக்கு, பிறகு வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு. அவசர எண் 999 நினைவுக்கு வரும்போது பேட்டரி சிவப்புக்கு வந்திருக்கும். காரணம் கூச்சம். பொம்பா (தீயணைப்பு, மீட்புப் படை) வண்டி வந்தால் ஊரே பேசுமே என்ற எண்ணம். அழைக்க வேண்டிய நேரம் வெளிச்சம் இருக்கும்போதுதான். உங்கள் நெட்வொர்க்கில் சிக்னல் இல்லையென்றால் 112 அழுத்துங்கள். அங்கே வேறு நிறுவனத்தின் சிக்னல் இருந்தால் அதன் வழியாகப் போகும். வரைபடச் செயலியில் நீங்கள் இருக்கும் நீலப் புள்ளியை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். பினாங்குத் தீவில் முதல் எண் 5 என்றும் அடுத்தது 100 என்றும் தொடங்கும். அதை வாசித்துச் சொல்லுங்கள், குறுஞ்செய்தியாகவும் அனுப்புங்கள். பேச்சு போகாத இடத்திலும் சில நேரம் குறுஞ்செய்தி போய்விடும். பக்கத்தில் குழாய், குடிசை, எண் எழுதிய பலகை இருந்தால் அதையும் சொல்லுங்கள். அதன்பிறகு அந்தப் போனில் வேறு யாரிடமும் பேச வேண்டாம். மீட்புக்காரர்கள் திரும்ப அழைக்க அந்தப் பேட்டரி வேண்டும். மற்றவர்களின் போன்களை அணைத்து வையுங்கள்.

இங்கே சூரியன் மறைய பெரும்பாலும் ஏழு மணி தாண்டும் என்றாலும் மரங்களுக்கு அடியில் அதற்கு வெகு முன்பே இருட்டிவிடும். ராத்திரி தங்க நேர்ந்தால், உட்காரும் முன் தலைக்கு மேலே பாருங்கள். பட்டுப்போன கிளை, குளவிக் கூடு, டுரியான் மரம் எதுவும் இருக்கக்கூடாது. நம் நாட்டில் குளிரா என்று நினைக்காதீர்கள். நனைந்த சட்டையும் மலைக்காற்றும் சேர்ந்தால் உடம்பு நடுங்கத் தொடங்கும். குப்பை போடும் பெரிய கறுப்புப் பிளாஸ்டிக் பை ஒன்றைக் கிழித்துப் போர்த்தினால் பெரிய உதவி. அந்தப் பையும் ஒரு விசிலும் டார்ச் லைட்டும் என்னோடு வருகிற ஒவ்வொருவரின் பையிலும் இருக்க வேண்டும் என்பது என் நிபந்தனை. விசிலை மும்மூன்று முறையாக ஊதி, இடைவெளி விட்டுக் கேளுங்கள். கத்தினால் தொண்டைதான் போகும். அட்டை கடித்தால் பதற வேண்டாம், நகத்தால் தள்ளி எடுத்துவிடலாம்.

கிளம்பும் முன் குழுவாக ஒரு படம் எடுத்து, எங்கே ஏறுகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று எழுதி வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். சட்டை நிறம்கூடத் தேடுபவர்களுக்கு உதவும்.

உதவி கேட்ட பிறகு நீங்களே வெளியே வந்துவிட்டால், உடனே 999-ஐத் திரும்ப அழைத்துச் சொல்லுங்கள். சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டால் காட்டுக்குள் ஆட்கள் தேடிக்கொண்டே இருப்பார்கள். ஓடைத் தண்ணீர் குடித்திருந்தாலோ, காயத்தோடு சேற்றில் நடந்திருந்தாலோ, அடுத்த சில வாரங்களில் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் காட்டுக்குப் போனதைச் சொல்ல மறக்காதீர்கள். எலிக்காய்ச்சலாக இருக்கலாம் என்று அவர் பார்க்க வேண்டும்.