பெரிய கார்புரேட்டரை வாங்கிக்கொண்டு வராதீர்கள்

போன சனிக்கிழமை மதியம், சாப்பாட்டுக்கு உட்காரும் நேரத்தில் ஷெட் வாசலில் டோயிங் வண்டி வந்து நின்றது. மேலே ராணுவப் பச்சையில் நிசான் ஒன் டன் என்ற பழைய பட்டாள லாரி ஒன்று. பின்னாலேயே பைக்கில் அதன் சொந்தக்காரத் தம்பி. பெங்களூரு அல்சூர் பக்கம் வீடு, ஐடி வேலை. தாத்தா பட்டாளத்தில் இந்த வண்டியைத்தான் ஓட்டினாராம், அந்த ஆசையில் ஏலத்துக்குப் போன வண்டியை யாரிடமோ கைமாற்றி வாங்கியிருக்கிறார். "அண்ணா, ஹெப்பாள் மேம்பாலம் ஏற மாட்டேங்குது. மிதிச்சா அப்படியே அமுங்கிப் போகுது. புது கார்புரேட்டர் போட்டே ரெண்டு மாசம்தான் ஆகுது" என்றார்.

பானெட்டைத் திறந்ததும் பசி போய்விட்டது. காற்றோடு பெட்ரோலைக் கலக்கும் பாகம்தான் கார்புரேட்டர்; இதில் இருந்ததோ எட்டு சிலிண்டர் வீ8 எஞ்சினுக்குப் போடுகிற, காற்று இறங்க நாலு வாய் உள்ள கார்புரேட்டர், 600 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு 600 கன அடி காற்று). அது உட்காருவதற்காக ஒரு அடாப்டர் தட்டு, அதற்கு மேல் இன்னொரு அடாப்டர் தட்டு. பானெட் இடிக்கிறது என்று ஏர் ஃபில்டரைக் கழற்றி எறிந்துவிட்டு ஒரு கம்பி வலையைக் கட்டியிருக்கிறார்கள். டிப்ஸ்டிக்கை உருவினேன். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரல்கடை ஏறியிருந்தது. ஆயில் தானாகப் பெருகாது. மூக்கருகே கொண்டுபோனால் பெட்ரோல் பங்க் வாசனை.

இந்த வருடத்தில் இதே கதையோடு வந்த நான்காவது வண்டி இது. அதனால்தான் எழுதுகிறேன்.

எல்லோர் தலையிலும் உட்கார்ந்திருப்பது ஒரே எண்ணம்தான்: கார்புரேட்டர் பெரிதானால் பவர் கூடும். கூடாது. கார்புரேட்டர் எஞ்சினுக்குள் காற்றை ஊட்டுவதில்லை. பிஸ்டன் கீழே இறங்கும்போது எஞ்சின்தான் காற்றை இழுக்கிறது. அது எவ்வளவு இழுக்கும் என்பது சிலிண்டர் அளவையும் ஆர்பிஎம்மையும் பொறுத்தது, நாம் மேலே எதை வைக்கிறோம் என்பதைப் பொறுத்ததல்ல. ஒன் டன்னிலும் ஜோங்கா என்ற பட்டாள ஜீப்பிலும் இருக்கும் ஆறு சிலிண்டர் எஞ்சின் 3956 சிசி. நான்கு ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் முழு மூச்சு. 3600 ஆர்பிஎம்மில் கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு ஏழு கன மீட்டர் சொச்சம், அதாவது சுமார் 250 சிஎஃப்எம், அதுவும் சிலிண்டர் நூற்றுக்கு நூறு நிரம்பினால். அந்தக் காலத்து எஞ்சின்கள் 75, 80 சதவீதம் நிரம்பினாலே பெரிது. ஆக 200 சிஎஃப்எம் போதும். 200 கேட்கும் எஞ்சினுக்கு 600 போட்டால் மீதி 400 எங்கே போகும் என்று கேட்டேன். தம்பி சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

பெரிதாக இருந்தால் சும்மா இருந்துவிட்டுப் போகட்டுமே, கெடுதல் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. கெடுதல் இருக்கிறது. கார்புரேட்டரின் கழுத்து குறுகலாக இருப்பதே அங்கே காற்று வேகமெடுக்கத்தான். வேகமெடுத்தால் அழுத்தம் குறையும், அந்தக் குறைவில்தான் ஜெட் என்ற சின்னத் துளை வழியாகப் பெட்ரோல் மேலே ஏறிப் பொடிப்பொடியாகத் தூவும். இளநீருக்கு ஸ்ட்ராவுக்குப் பதிலாகக் கட்டை விரல் பருமனில் ஒரு குழாயைச் செருகி உறிஞ்சிப் பாருங்கள், புரியும். கழுத்து அகலமானால் குறைந்த ஆர்பிஎம்மில் காற்று சோம்பலாக நடக்கும், பெட்ரோல் ஏறாது, வண்டி அமுங்கும். அமுங்குகிறதே என்று நீங்கள் பெடலை மிதித்து மிதித்து எடுப்பீர்கள், ஒவ்வொரு மிதிக்கும் ஆக்ஸிலரேட்டர் பம்ப் ஒரு பீச்சு பீச்சும், அது ஆவியாகாமல், கார்புரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குப் போகும் கிளைக்குழாயான இன்டேக் மேனிஃபோல்டுக்குள் குட்டையாகத் தேங்கும். லாரி வாழ்வதே குறைந்த ஆர்பிஎம்மில்தான். பந்தய வண்டிக்கு வைத்ததை இதற்கு ஏன் வைக்கிறீர்கள்?

(கணக்குப் பார்ப்பவர்களுக்கு ஒரு பின்குறிப்பு. இரண்டு வாய் கார்புரேட்டரின் சிஎஃப்எம்மையும் நாலு வாயின் சிஎஃப்எம்மையும் நேராக ஒப்பிடாதீர்கள். முதலாவதை 3 இன்ச் பாதரச அழுத்த இறக்கத்தில் அளக்கிறார்கள், இரண்டாவதை ஒன்றரை இன்ச்சில். இரண்டு வாயில் 500 என்று போட்டிருந்தால் நாலு வாய்க் கணக்கில் அது 350 சொச்சம்தான். விற்பவர் இதைச் சொல்ல மாட்டார், பாதிப் பேருக்குத் தெரியாது.)

சரி, ஆயிலில் பெட்ரோல் எப்படி வந்தது? அதற்கு முக்கியக் காரணம் கார்புரேட்டர்கூட இல்லை. பழைய மெக்கானிக்கல் பம்பைக் கழற்றிவிட்டு, இஞ்செக்‌ஷன் காரின் எலெக்ட்ரிக் பம்பைப் போட்டிருந்தார்கள். பழைய பம்ப் 3, 4 பிஎஸ்ஐ அழுத்தம் தரும். இது 40-க்கு மேல். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் அறைக்கு, மிதவை ஏறியதும் வரத்தை அடைப்பது நீடில் வால்வு. அந்த அழுத்தத்தில் அது எப்படி மூடி நிற்கும்? ஃப்ளோட் அறை நிரம்பி வழிந்து, பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருந்த ஆயிலைக் கழுவிக்கொண்டு, அடியில் ஆயில் நிற்கும் சம்ப்புக்குள் இறங்கியிருக்கிறது. வெளியே வழிந்திருந்தால் நேரே கீழே புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. சூட்டில் சிவந்து கிடக்கும் இரும்பின் மேல் பெட்ரோல். அந்தத் தம்பி வீட்டுக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு நந்தி மலைக்குப் போய் வந்திருக்கிறார், இதே வண்டியில். கேட்டதும் எனக்குக் கை நடுங்கியது. தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள். எலெக்ட்ரிக் பம்ப்தான் வேண்டுமென்றால் கார்புரேட்டருக்கென்றே வரும் குறைந்த அழுத்தப் பம்பை வாங்குங்கள், வண்டிக்குள் தீயணைப்பான் ஒன்றையும் வையுங்கள்.

மேனிஃபோல்டுக்கு வருவோம். கார்புரேட்டரைத் தனியாகவும் மேனிஃபோல்டைத் தனியாகவும் வாங்குவது, ஆளைப் பார்க்காமல் செருப்பு வாங்குகிற வேலை. போல்ட் சென்டர் தூரம், வாய் விட்டம், த்ராட்டில் லிங்க் எந்தப் பக்கம் இழுக்கிறது, சோக் கேபிள் எங்கே வருகிறது, டிஸ்ட்ரிபியூட்டருக்கும் பிரேக் பூஸ்டருக்கும் வேக்குவம் எடுக்க ஓட்டை இருக்கிறதா என்று அளந்து தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். போனில் எடுத்த போட்டோவைக் காட்டி ஜே.சி. ரோடு உதிரிபாகக் கடையில் வாங்கி வந்து, பொருந்தாமல் ஃபைல் வைத்து ராவிய மேனிஃபோல்டு ஒன்று என் ஷெட்டில் கிடக்கிறது. ஒருவர் ஹரிக்கேன் எஞ்சின் வைத்த வில்லிஸ் ஜீப்புக்கு இன்டேக் மேனிஃபோல்டு வாங்கி வந்தார். அந்த எஞ்சினில் இன்டேக் மேனிஃபோல்டு என்று தனியாக ஒன்று கிடையாது, ஹெட்டோடு சேர்த்தே வார்த்திருக்கும். விற்ற புண்ணியவான் பழைய சைடு வால்வ் எஞ்சினுடையதைத் தலையில் கட்டியிருக்கிறார்.

பழைய மேனிஃபோல்டு விரிசல் இல்லாமல் இருந்தால் அதுவே போதும். இணையும் முகத்தில் ஸ்கேலை வைத்து, இடையில் ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய தகடு நுழைகிறதா என்று பாருங்கள், நுழைந்தால் லேத்தில் ஃபேஸிங் கொடுத்து முகத்தைச் சமமாக்க வேண்டும். இன்டேக்கும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம் சேர்ந்து வரும் எஞ்சின்களில் இரண்டையும் போல்ட்டில் சேர்த்தபடியே ஃபேஸிங் கொடுங்கள். தனித்தனியாகக் கொடுத்துவிட்டு, பேக்கிங்கை இரண்டு அடுக்காகப் போட்டு ஒப்பேற்றுவது வேலையே இல்லை. நட்டை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக இறுக்குங்கள். ஏர் லீக் இருக்கிறதா என்று பார்க்க, காலையில் ஸ்டார்ட் பண்ணிய உடனே, எஞ்சின் சூடேறுவதற்கு முன், இணைப்பின் மேல் தண்ணீரைத் தூவுங்கள். ஐடில் மாறினால் அங்கேதான் ஓட்டை. தீப்பற்றும் கார்ப் கிளீனரை அடித்துப் பார்க்கும் வீர விளையாட்டு வேண்டாம்.

பழைய கார்புரேட்டரையே சரிசெய்ய முடியுமா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் முடியும். பெடலை மிதித்தால் திரும்பும் தண்டான த்ராட்டில் ஸ்பிண்டிலைப் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் புஷ் அடிக்க வேண்டும், அந்த ஆட்டத்தோடு எந்த டியூனிங்கும் நிற்காது. பித்தளை ஃப்ளோட்டைக் காதருகே குலுக்குங்கள். உள்ளே பெட்ரோல் தளும்பும் சத்தம் கேட்டால் ஓட்டை, வெந்நீரில் அமுக்கினால் குமிழி காட்டிக்கொடுக்கும். கார்க் ஃப்ளோட் என்றால் யோசிக்காமல் மாற்றுங்கள். அதன் மேல் பழைய காலத்தில் ஷெல்லாக் பூசியிருப்பார்கள், அது ஆல்கஹாலில் கரையும், இப்போது பங்க்கில் வருவதோ 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் ஹோஸுக்கும் இதே கதிதான்.

ஜெட் விஷயத்தில் நம் ஊருக்கு ஒரு வேடிக்கை உண்டு. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது, காற்று மெலிசு, அதனால் சென்னையில் சரியாக ஓடிய ஜெட் இங்கே கொஞ்சம் ரிச் ஆகும், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் அதிகமாகும். எத்தனால் கலந்த பெட்ரோலோ அதற்கு எதிரான லீன் பக்கம் இழுக்கும். இரண்டும் ஓரளவு ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும், அதற்காகக் குத்துமதிப்பாக விட்டுவிட முடியாது. 20 கிலோமீட்டர் ஓட்டி, பிளக்கைக் கழற்றி நிறத்தைப் பார்த்துத்தான் ஜெட்டை முடிவு செய்ய வேண்டும்.

அந்தத் தம்பியிடம், வண்டியோடு வந்த பழைய கார்புரேட்டர் எங்கே என்று கேட்டேன். முதலில் முழித்தார், அப்புறம் வீட்டுக்குப் போன் போட்டார். பழைய பேப்பரோடு சேர்த்துப் போட எடுத்து வைத்திருந்ததை அவர் அம்மா பால்கனியில் தேடி எடுத்தார். ஸ்பிண்டில் புஷ், நீடில் வால்வு, பேக்கிங் செட், மெக்கானிக்கல் பம்ப் டயாஃப்ரம், ஆயில் மாற்றியது எல்லாம் சேர்த்து, அந்த நாலு வாய்க்குக் கொடுத்த விலையில் கால்வாசிகூட ஆகவில்லை. நேற்று ஹெப்பாள் மேம்பாலத்தில் மூன்றாவது கியரில் ஏற்றிப் பார்த்தோம். 600 சிஎஃப்எம் பெட்டியில் இருக்கிறது, இணையத்தில் விற்கப் போகிறாராம். இன்னொரு ஒன் டன்காரருக்கு மட்டும் விற்றுவிடாதே என்று சொல்லியிருக்கிறேன்.