பழைய கார்ல மீட்டர் காட்டாத வயசு

சிங்கப்பூர்ல செகண்ட் ஹேண்ட் மிட்சைஸ் கார் பாக்குறவங்க முதல்ல கேக்குறது "டெப்ரி எவ்வளவு?"ன்னுதான், அதாவது வருஷத்துக்கு கார் மதிப்பு எவ்வளவு கரையும்னு. கேக்க வேண்டியதுதான், ஏன்னா இங்க நாம காசு குடுக்குறது இரும்புக்குன்றத விட மிச்சமிருக்கிற சிஓஇ, அதாவது காரை பத்து வருஷம் வச்சிருக்க ஏலத்துல எடுக்குற அனுமதி, அந்த காலத்துக்குத்தான். 2019ல பதிஞ்ச கார், ஓஎம்வி (இறக்குமதி ஆனப்ப போட்ட மதிப்பு) 25,000 வெள்ளின்னு வச்சுக்கோங்க. முதல் 20,000க்கு 100 சதவீதம், மீதி 5,000க்கு 140 சதவீதம், ஆக ஏஆர்எஃப்ங்கிற பதிவு வரி 27,000. பத்து வருஷம் முடியுற சமயத்துல ஸ்கிராப் பண்ணா அதுல பாதி, 13,500, பார்ஃப்ங்கிற தள்ளுபடியா திரும்ப வரும். நாலு வருஷம் மிச்சத்தோட 73,500க்கு விக்கிறாங்கன்னா, பார்ஃப்ப கழிச்சு வருஷத்துக்கு 15,000 வெள்ளி கரையுது. ஓஎம்வி 20,000ஐ தாண்டுனதால லோன் விலையில 60 சதவீதம்தான் கிடைக்கும், 29,400 கையில இருக்கணும். பத்து வருஷத்துக்கு அப்புறமும் ஓட்டணும்னா கடைசி மூணு மாச சராசரி சிஓஇ விலைய கட்டணும், பார்ஃப் போயிடும், ரோடு டாக்ஸும் வருஷா வருஷம் 10 சதவீதம் ஏறி 50ல போய் நிக்கும்.

இதெல்லாம் பேப்பர்ல போட்டுடலாம். ஆனா மீட்டர்ல 80,000 கிலோமீட்டர்தானேன்னு நிம்மதியாகுறாங்க பாருங்க, அங்கதான் எனக்கு பயம். மீட்டர் தூரத்தை எண்ணும், என்ஜின் ஓடுன நேரத்தை எண்ணாது. எக்ஸ்பிரஸ்வேல 80ல சீரா ஓடுன காருக்கு அது 1,000 மணி நேரம். காலைல சிடிஇ எக்ஸ்பிரஸ்வே ஜாம், சாயங்காலம் பிஐஇ எக்ஸ்பிரஸ்வே ஜாம், நடுவுல பிள்ளைய ஏத்த ஸ்கூல் வாசல்ல ஏர்கான் போட்டு நிக்கிறதுன்னு சராசரி 25ல ஓடுனதுக்கு 3,200 மணி நேரம்.

அதுவும் ஜாம்ல நிக்கிறப்ப எதிர்காத்து கிடையாது, ஃபேன் மட்டும்தான், 32 டிகிரி வெயில்ல பானட்டுக்குள்ள சூடு தேங்கிடும். பத்து டிகிரி கூடுனா வேதிவினை சுமாரா ரெண்டு மடங்கு வேகமாகும்னு பொதுவா ஒரு கணக்கு இருக்கு, அதனாலதான் இங்க பேட்டரி சீக்கிரம் போகுது, சஸ்பென்ஷன் இணைப்புல அதிர்ச்சிய வாங்குற ரப்பர் புஷ் வெடிக்குது. அது சின்ன செலவு. பெரிய செலவு சிவிடி, அதாவது படிப்படியா இல்லாம சீரா கியர் மாறுற ஆட்டோ கியர்பாக்ஸ்.

அதுல ரெண்டு புல்லி, நடுவுல ஒரு ஸ்டீல் பெல்ட். புல்லியோட சாய்வான தட்டு ரெண்டும் நெருங்குனா பெல்ட் வெளிப்பக்கம் ஏறும், விலகுனா உள்ள இறங்கும், அப்படித்தான் கியர் மாறுது. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிறது ஆயில் பிரஷர். அதே ஆயில்தான் தேய்மானத்தையும் குறைக்கணும், சூட்டையும் இழுத்துட்டுப் போகணும், ஆனா பெல்ட்டை வழுக்கவும் விடக்கூடாது. வெந்து வெந்து அது கெட்டுப்போச்சுன்னா பெல்ட் லேசா வழுக்கும், புல்லில கீறல் விழும், அந்த உலோகத்தூளே ஆயில்ல சுத்தி இன்னும் அரிக்கும். லைஃப்டைம் ஆயில், மாத்தவே வேணாம்னு யாராவது சொன்னா தயவுசெஞ்சு நம்பாதீங்க.

வண்டிய பாக்கப் போறப்ப முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வைக்க வேணாம்னு சொல்லிடுங்க. ஆறிப்போன வண்டிய எடுத்து மல்டிஸ்டோரி கார்பார்க் ரேம்ப்ல ஏர்கானோட மெதுவா ஏத்துங்க, கிளம்புறப்ப நடுங்குதா, ஆர்பிஎம் ஏறியும் வேகம் வரலையான்னு பாருங்க. ஹம்ப்ல இறங்குறப்ப டொக்னு கேட்டா புஷ் போயிருக்க வாய்ப்பு அதிகம். பனி கொட்டுற ஊர் மாதிரி இங்க ரோட்டுல உப்பு கொட்றதில்ல, அதனால அடிப்பக்கம் துரு கம்மிதான், அது பெரிய பிளஸ்.

கியர் ஆயில் மாத்துன ரசீது வச்சிருக்கிறவர் 2,000 வெள்ளி கூட கேட்டாலும் டெப்ரில வருஷத்துக்கு 500தான் ஏறும், நான் அந்த காரைத்தான் எடுப்பேன்.